திமிங்கலம் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜூலை விடுமுறையில் இலங்கைக்கு வந்து, நேரே மிரிஸ்ஸவுக்குப் போய்த் திமிங்கலப் படகைத் தேடுகிறவர்கள் நிறையப் பேர். வீடியோக்களில் எல்லாம் அந்தப் பெயர்தானே வருகிறது. ஆனால் அந்த மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தெற்குக் கரையைப் போட்டு அடிக்கும். படகு போனாலும், தூக்கிப் போடும் அலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் மிச்சம். அதே நாட்களில் திருகோணமலையில் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால் அங்கே விடியற்காலைக் கடல் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும்.

கணக்கு இதுதான். தெற்கே மிரிஸ்ஸவுக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல். கிழக்கே திருகோணமலைக்கு மே முதல் ஆகஸ்ட். வடமேற்கே கற்பிட்டிக்கு மறுபடியும் நவம்பரிலிருந்து ஏப்ரல்; அங்கே துள்ளிச் சுழலும் ஸ்பின்னர் டால்பின் கூட்டங்களுக்காகவே போகலாம். இந்தப் பக்கத்து நீலத் திமிங்கலங்கள் மற்ற கடல்களில் இருப்பவைபோலத் துருவக் கடலுக்கு வலசை போவதில்லை. இடம் மாறினாலும் வட இந்தியப் பெருங்கடலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் எந்த மாதம் போகிறோம் என்பதைவிட, அந்த மாதத்தில் எந்தக் கரைக்குப் போகிறோம் என்பதுதான் முக்கியம்.

அடுத்தது வயிறு. படகு காலை ஆறு, ஆறரைக்குக் கிளம்பிவிடும். வெறும் வயிற்றோடு ஏறுகிறவர், வடையும் சாம்பாருமாக முழுக்கட்டு கட்டிவிட்டு ஏறுகிறவர் இருவருக்கும் குமட்டல் நிச்சயம். பிஸ்கட், வாழைப்பழம் போதும். கடல் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தவர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் அது வாந்தியோடு வெளியே வந்துவிடும். குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மேல்தளத்தில் காட்சி நன்றாக இருக்கும், ஆட்டமும் அங்கேதான் அதிகம். கீழே, நடுப்பகுதியில் நின்று அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஓரளவு தாங்கலாம். குனிந்து போனைப் பார்த்தால் முடிந்தது கதை.

சரி, இனி பெரிய தவறுக்கு வருவோம். படகோட்டியைப் பார்த்து "அண்ணே, இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க" என்று சொல்வது.

இலங்கையில் 2012இல் வந்த விதிகளின்படி படகு திமிங்கலத்திலிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கேட்கும்போது தூரமாகத் தோன்றும். இருபது மீட்டருக்கு மேல் நீளமான பிராணி அது; நூறு மீட்டர் என்பது அதன் உடம்பை நாலைந்து தடவை அளந்தால் முடிந்துபோகும் இடைவெளி. வெறுங்கண்ணுக்கே தாராளமாகத் தெரியும்.

விதிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நீலத் திமிங்கலம் மேலே வந்தால் சில நிமிடங்கள் தங்கி, வரிசையாகப் பல முறை மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஆழத்துக்கு இறங்கும். இறங்கினால் பத்து நிமிடம்போல ஆளைக் காணோம். பின்னாலிருந்து விரட்டினாலோ, முன்னால் போய் வழியை மறித்தாலோ, மூச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கிவிடும். எங்கே எழும் என்று யாருக்கும் தெரியாது. பக்கவாட்டில் அதே திசையில் மெதுவாகப் போய், எஞ்சினைத் தணித்துக் காத்திருக்கிற படகுக்குத்தான் முதுகும் வாலும் முழுதாகக் காணக் கிடைக்கும். துரத்துகிற படகில் இருப்பவர்கள் பார்ப்பதெல்லாம் அது மூழ்கிப்போன இடத்தைத்தான். ஒரே திமிங்கலத்தை ஐந்தாறு படகுகள் சூழ்ந்துகொண்டால், உங்கள் படகோட்டியை விலகிப் போகச் சொல்லுங்கள். வேறு திமிங்கலம் கிடைக்கும்.

தெற்குக் கரையில் இன்னொரு விஷயமும் உண்டு. இலங்கையின் தென்கோடியான தெவுந்தர முனைக்குத் தெற்கே அவை இரை தேடும் இடத்தை ஒட்டியே, உலகத்தின் மிகச் சுறுசுறுப்பான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. கப்பல் மோதிச் சாகிற திமிங்கலங்கள் உண்டு. 2022இல் எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளிப் போகச் சொன்னதற்குக் காரணம் இதுதான். சரக்குக் கப்பலே ஒதுங்கிப் போகும்போது, சுற்றுலாப் படகு முட்டிக்கொண்டு நிற்பதை நியாயப்படுத்த முடியாது.

படகோட்டிகள் மேல் முழுப் பழியையும் போடவும் முடியாது. கிட்டப் போனால்தான் பயணிக்குச் சந்தோஷம், சந்தோஷப்பட்டால்தான் டிப்ஸ் என்று அவர்களுக்குப் பழக்கியது நாம்தான். பதிவு செய்யும்போதே எவ்வளவு பக்கத்தில் போவீர்கள் என்று கேளுங்கள். "தொடுற தூரத்துக்குப் போகலாம்" என்று பதில் வந்தால் வேறு படகு பாருங்கள். "நிச்சயம் காட்டுவோம்" என்பதும் அப்படித்தான். கடலில் யாரும் உத்தரவாதம் தர முடியாது. காணாவிட்டால் மறுநாள் இலவசமாகக் கூட்டிப்போவீர்களா என்று கேட்பது நல்ல கேள்வி. திமிங்கலத்தோடு நீந்த வைக்கிறோம் என்று சொன்னால், அதற்கான அனுமதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பார்க்கத் தெரியாமல் பார்ப்பதும் ஒரு தவறு. பலர் துள்ளி எழும் காட்சிக்காகக் காத்திருக்கிறார்கள். நீலத் திமிங்கலம் அப்படித் துள்ளுவது அபூர்வம். முதலில் தெரிவது மூச்சுதான், அதாவது அது மூச்சு விடும்போது மேலே எழும் நீர்த்திவலை. நேராக, உயரமாக, வெள்ளைத் தூண்போல எழுந்தால் நீலத் திமிங்கலம். குட்டையாக, முன்பக்கம் இடதுபுறம் சாய்ந்து வந்தால் ஸ்பெர்ம் திமிங்கலம். அதன் மூச்சுத் துளை தலையின் முன்னால், இடது ஓரத்தில் இருக்கிறது. தண்ணீரில் செங்கல் நிறத்தில் ஒரு திட்டு மிதந்தால் முகம் சுளிக்க வேண்டாம். இறால் வகையைத் தின்ற திமிங்கலத்தின் கழிவு அது. கடல் உயிரியலாளர் ஆஷா டி வொஸ் 2003இல் இந்தத் திட்டைப் பார்த்துத்தான், இவை இங்கேயே இரை எடுக்கின்றன என்று யோசிக்கத் தொடங்கினார்.

எங்கே என்று சொல்லப் படகோட்டிகள் கடிகார முறையைப் பயன்படுத்துவார்கள். படகின் முனை பன்னிரண்டு மணி. "இரண்டு மணி" என்றால் வலப்பக்கம் முன்னால். இது தெரியாமல் "எங்கே, எங்கே" என்று எல்லாரும் ஒரே பக்கம் ஓடுவதுதான் படகுக்கு ஆபத்து. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி உட்காரும் மெத்தையாக்குகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.

கேமரா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போனில் ஜூம் செய்தால் சாம்பல் புள்ளிதான் வரும். அதைவிட வீடியோ எடுக்கலாம். வால் வேண்டுமென்றால் முதுகைக் கவனியுங்கள். மற்ற தடவைகளைவிட அதிகமாக வளைந்து உயர்ந்தால், அடுத்து வால் தூக்க வாய்ப்பு அதிகம். பைனாகுலர் கொண்டுபோனால் ஏழு அல்லது எட்டு மடங்கு போதும். அதற்கு மேல் போனால் ஆடும் படகில் எதுவும் நிலையாகத் தெரியாது.

திருகோணமலைக்குப் போகிறவர்கள் கோணேசர் கோயிலுக்கும் போவார்கள். பருவத்தில் அந்தப் பாறை உச்சியிலிருந்தே மூச்சு எழுவதைப் பார்க்கலாம். கரையை ஒட்டியே ஆழமான கடற்பள்ளத்தாக்கு இருப்பதால் அவை அவ்வளவு பக்கத்தில் வருகின்றன. படகுக்குப் பயந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் இதுவே நல்ல வழி. தரிசனம் முடிந்ததும் இறங்கிவிடாமல் அரை மணி நேரம் நில்லுங்கள்.

அப்புறம், திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலை. 2003இல் தேசியப் பூங்காவான இந்தத் தீவைச் சுற்றிப் பவளப்பாறை. மூச்சுக்குழாய் மாட்டி நீந்துகிறவர்கள் களைத்ததும் கால் ஊன்றுவது பவளத்தின் மேல்தான். அது உயிருள்ளது, ஒரு மிதியில் உடைவது மறுபடி வளர வருடக்கணக்காகும். நீச்சல் சுமாராகத்தான் வரும் என்றால் மிதவை ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். கரையில் கிடக்கும் பவளத் துண்டையும் எடுத்து வரக் கூடாது. கருமுனைச் சுறாக்கள் சாதாரணமாக மனிதரைச் சீண்டாது, நீங்களும் துரத்தாமல் இருந்தால் சரி. வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டு தனி, படகுக் கூலி தனி. கரையில் விலை பேசும்போது இரண்டையும் பிரித்துக் கேளுங்கள்.