பாலஸ்த்ரீனாவைக் கேட்க ஓர் எளிய வழி

16-ஆம் நூற்றாண்டு தேவாலயப் பாடல்களை முதன்முறை கேட்கும்போது, ஆளாளுக்கு வேறு வேறு பாடுவதுபோல் தோன்றும். மேல்குரல்தான் மெட்டு, மற்றவை துணை என்று எண்ணிக் கேட்பதால் வரும் குழப்பம் அது. இங்கே எல்லாக் குரலும் தலைமைக் குரல்தான்.

இத்தாலிய இசையமைப்பாளர் பாலஸ்த்ரீனாவின் 'சீகுட் செர்வுஸ்' ('மானைப்போல') லத்தீன் பாடலிலிருந்து தொடங்குங்கள். அவர் 1594-இல் மறைந்தார். நீரோடைக்கு ஏங்கும் மானைப்போல ஆன்மா இறைவனுக்கு ஏங்குவதாகச் சொல்லும் விவிலியத்தின் 42-ஆம் சங்கீதத்தின் முதல் வசனமே பாடலின் சொற்கள், அவ்வளவுதான். பக்கவாத்தியம் இல்லாமல் நான்கு குரல்கள். டெனர் (ஆண்களின் உயர்குரல்) ஆரம்பிக்கும், அதே மெட்டை ஆல்ட்டோ (அதற்கு மேலுள்ள குரல்), அப்புறம் சொப்ரானோ (எல்லாவற்றிலும் உயர்ந்த குரல்), கடைசியில் பாஸ் (அடிக்குரல்) எடுக்கும். முதல் முறை டெனரை மட்டும் விடாமல் தொடருங்கள். அடுத்த முறை பாஸ். இப்படி நான்கு முறை கேட்டுவிட்டு, பிறகு மொத்தமாகக் கேளுங்கள். ஒரு குரல் ஓயும் இடத்தில் இன்னொன்று எழும் அழகு அப்போதுதான் பிடிபடும். எனக்கு இதைவிட நிறைவான இசை அனுபவம் அதிகமில்லை.

பாடகர் குழுவில் இருப்பவர்களுக்கு ஒன்று: அன்றைய சுவடிகளில் தாளக் கோடுகள் (தாள அளவுகளைப் பிரிக்கும் செங்குத்துக் கோடுகள்) கிடையாது. எனவே இன்றைய பதிப்பின் கோட்டுக்குக் கோடு அழுத்தாதீர்கள். சொல்லின் அழுத்தமே போதும். 'தெசீதெரத்' ('ஏங்குகிறது') என்ற சொல்லில் 'சீ'யில் சற்று அழுத்தம். குரலை அதிகம் நடுக்க வேண்டாம். புதிதாக மெட்டெடுக்கும் குரலுக்கு மற்றவர்கள் கொஞ்சம் தணிந்து வழிவிடுங்கள். இசைக்குறிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.