விண்டோஸ் 11க்கு மாறினதும் ஷார்ட்கட் அமுக்கினா புரோகிராம் மூடிக்குதா? இப்படிப் பாருங்க

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சதால நிறைய பேர் 11க்கு மாறிட்டாங்க, மாறின கையோட "எல்லாம் ஓடுது, ஆனா கன்ட்ரோலோட அந்த ஒரு கீயை அமுக்கினா மட்டும் புரோகிராம் பட்டுனு மூடிக்குது"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. உடனே ஃபார்மேட் அடிக்கப் போயிடாதீங்க, புது கீபோர்டும் வாங்காதீங்க.

முதல்ல ஒண்ணு பண்ணுங்க. ஷார்ட்கட்ல செய்ற அதே வேலையை மவுஸ் வச்சு மெனு வழியா செஞ்சு பாருங்க. அதுலயும் மூடுதுன்னா ஷார்ட்கட் மேல தப்பே இல்ல, அது கூப்பிடுற இன்னொண்ணுலதான் கோளாறு.

எங்க தெருவுல டிடிபி கடை வச்சிருக்க அக்காவுக்கு இதான் நடந்துச்சு. கல்யாணப் பத்திரிகை புரூஃப் எடுக்க கன்ட்ரோல் பி அமுக்கினா ஸ்கிரீன் வெள்ளையாகி ரெண்டு செகண்ட் நின்னுட்டு காணாமப் போயிடும், பாவம் அவங்க கீபோர்டே ரெண்டு தடவை மாத்திட்டாங்க. ஃபைல் மெனுல பிரிண்ட் கொடுத்தோம், அப்பவும் அதே கதை. டீஃபால்ட் பிரிண்டரை மட்டும் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்'னு மாத்தினதும் ஜம்முனு திறந்துச்சு, அப்போ பழைய பிரிண்டர் டிரைவர்தான், அதாவது விண்டோஸையும் பிரிண்டரையும் பேச வைக்கிற சாஃப்ட்வேர்தான் காரணம்னு தெரிஞ்சு போச்சு. இங்க ஒரு விஷயம், பிரிண்டரை ரிமூவ் பண்ணா மட்டும் டிரைவர் போகாது. விண்டோஸ் கீயும் ஆர்-உம் சேர்த்து அமுக்கி வர்ற பெட்டில 'printui /s /t2'ன்னு டைப் பண்ணி என்டர் கொடுங்க, டிரைவர் லிஸ்ட் வரும், அங்க டிரைவரையும் பேக்கேஜையும் சேர்த்து எடுத்துட்டு, பிரிண்டர் கம்பெனி சைட்ல விண்டோஸ் 11க்கு இருக்கிறதை இறக்கிப் போடுங்க.

கன்ட்ரோல் ஓ, கன்ட்ரோல் எஸ் அமுக்கும்போது மூடினா பிரிண்டரை விடுங்க. ஃபைல் திறக்கிற அந்த டப்பா வரும்போது ரைட் கிளிக் மெனுல ஒட்டிக்கிட்டிருக்கிற ஷெல் எக்ஸ்டென்ஷன்களும் புரோகிராமுக்குள்ளயே வந்து ஏறும், பழைய ஜிப் சாஃப்ட்வேர் ஒண்ணு போதும் எல்லாத்தையும் கவுக்க. இந்த எக்ஸ்டென்ஷன்களை லிஸ்ட் போட்டுக் காட்டுற நிர்சாஃப்டோட ஷெல்எக்ஸ்வியூ (ShellExView) டூல்ல மைக்ரோசாஃப்ட் அல்லாததை ஆஃப் பண்ணிட்டு, ஒவ்வொண்ணா ஆன் பண்ணிப் பாருங்க.

மெனுல ஒழுங்கா வேலை செஞ்சு கீ அமுக்கினா மட்டும் மூடுதா? அப்போ நடுவுல யாரோ கீயைப் பிடிக்கிறாங்க. மேக்ரோ சாஃப்ட்வேர், கேமிங் கீபோர்டோட வந்தது, ஸ்கிரீன்ஷாட் டூல், அப்புறம் நம்மாளுங்க கம்ப்யூட்டர்ல பல வருஷமா இருக்கிற தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர், இதையெல்லாம் டாஸ்க் மேனேஜர் ஸ்டார்ட்அப்ல ஆஃப் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. யூனிகோடு மட்டும்தான் அடிக்கிறீங்கன்னா தனி சாஃப்ட்வேரே வேண்டாம்னுதான் நான் சொல்வேன், 2019 மே அப்டேட்லயே தமிழ்99 கீபோர்டு லேஅவுட் விண்டோஸ் உள்ளயே வந்துடுச்சு, லாங்குவேஜ் செட்டிங்ல சேர்த்துட்டு விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் அமுக்கினா மாறிக்கும்.

எதுன்னே பிடிபடலன்னா ஈவன்ட் வியூவர் திறந்து விண்டோஸ் லாக்ஸ்ல அப்ளிகேஷன் போங்க, மூடின நேரத்துல சிவப்பா 1000ங்கிற ஈவன்ட் ஐடி இருக்கும். அதுல 'ஃபால்ட்டிங் மாட்யூல் நேம்'னு இருக்கிற பேரைப் பாருங்க, பிரிண்டர் கம்பெனி பேரோ டைப்பிங் சாஃப்ட்வேர் பேரோ இருந்தா வேலை முடிஞ்சுது. 'என்டிடிஎல்எல்' (ntdll.dll)னு வந்தா அதைத் தொடாதீங்க, அது விண்டோஸோட சொந்த ஃபைல், விழுந்த இடம் அதுவே தவிர தள்ளிவிட்டது பெரும்பாலும் வேற யாராவதாத்தான் இருக்கும்.

எதுவுமே சரிப்படலன்னா செட்டிங்ஸ்ல சிஸ்டம், ரெக்கவரில பழைய விண்டோஸுக்கே திரும்பிப் போற 'கோ பேக்' இருக்கும். அப்கிரேட் பண்ணி 10 நாளுக்குள்ளதான் அது வேலை செய்யும், அதனால டிஸ்க்ல இடம் பண்றேன்னு பழைய விண்டோஸ் ஃபோல்டரை (Windows.old) அதுக்குள்ள அழிச்சுடாதீங்க, திரும்பிப் போறதுக்கு முன்னாடி ஃபைலையெல்லாம் பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வச்சுக்கங்க.