ஏ.சி.டி.எச். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறவர்களுக்கு

குடியாத்தத்தில் 22 ஆண்டுகளாக ரத்தம் எடுக்கிறேன். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று எதற்கு வந்தாலும் கையை நீட்டச் சொல்லி இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிடுவேன். சீட்டில் ஏ.சி.டி.எச். என்று எழுதியிருந்தால் மட்டும் உட்கார வைத்துப் பேசுவேன். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கிற பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன் இது. 39 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய சரம். காய்ச்சலோ, அடியோ, பயமோ வந்தால் மூளையின் ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை அனுப்பிப் பிட்யூட்டரியை எழுப்பும். பிட்யூட்டரி ஏ.சி.டி.எச்.சை ரத்தத்தில் விடும். அது சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குப் போய், உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கும். போதுமான கார்டிசால் வந்ததும் மேலே இருக்கிற இரண்டும் அடங்கிவிடும். கார்டிசால் குறைந்து ஏ.சி.டி.எச். ஏறியிருந்தால் கோளாறு அட்ரினலில். இரண்டுமே குறைந்திருந்தால் பிட்யூட்டரியையோ அதற்கும் மேலேயோ சந்தேகப்பட வேண்டும். டாக்டர் இரண்டையும் சேர்த்து எழுதுவது அதனால்தான்.

முதலில் மருந்துகளைச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். மூட்டுவலிக்குப் பொடி ஏதாவது? இழுப்புக்கு உறிஞ்சும் மருந்து? முகத்துக்கு க்ரீம்? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் வெளியே வரும். பெயரில்லாத பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தால் பிட்யூட்டரி தன் வேலையை நிறுத்திவிடும். பொட்டலத்தையே டாக்டரிடம் காட்டுங்கள். முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையையும் சொல்லுங்கள். சில இயந்திரங்களில் அது கணக்கைக் கெடுக்கும். ஆனால் டெஸ்டுக்காக ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவே கூடாது. நாள்பட்டுச் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

நேரம், காலை 8 மணியை ஒட்டி. விடியற்காலையில் ஏறி நள்ளிரவில் இறங்குகிற ஹார்மோன் இது. ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கே மாறிப்போகும். அதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தவுடன் கையை நீட்டாதீர்கள். அரை மணி நேரம் உட்காருங்கள்.

இனி, நான் மன்றாடிக் கேட்கிற விஷயம்: ஐஸ்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், கத்திரி வெயிலில், பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் ஓர் அம்மா வந்தார். உடம்பு இளைத்து, நிற்கவே முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அப்போது வேறோர் இடத்தில் வேலை பார்த்தேன். ரத்தத்தை எடுத்து மற்ற டியூப்களோடு பையில் வைத்துவிட்டேன். பை மதியம்தான் வேலூருக்குப் போனது. ரிப்போர்ட்டில் இரண்டும் குறைவு என்று வந்தது. தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க அந்தக் குடும்பம் கம்மலை அடகு வைக்க இருந்தது. டாக்டர் அந்த அம்மாவின் உள்ளங்கையை விரித்துப் பார்த்திருக்கிறார். ரேகைகள் மையால் கீறியதுபோல் கறுத்திருந்தன. "புகையிலைக் கறை சார், எத்தனை தேய்த்தாலும் போகாது" என்றாராம். "ஈறுமா புகையிலை சுற்றுகிறது?" என்று கேட்டுவிட்டு, டாக்டர் மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஏ.சி.டி.எச். மிகுந்தால் தோலும் ஈறும் கறுக்கும். சூட்டில் இந்த ஹார்மோன் சிதைந்துபோகும் என்பதால், இரண்டாம் முறை ஐஸில் வைத்து அனுப்பினேன். அளவு, மேல்வரம்பைத் தாண்டிப் பல மடங்கு. காசநோய் அவர் அட்ரினலைத் தின்றிருந்தது. என் பையின் சூடு அவருக்குப் பத்து நாள் சிகிச்சையைத் தள்ளிப்போட்டது. அந்த உள்ளங்கையை நான் மறக்கவில்லை.

ஆகவே போகுமிடத்தில் தயங்காமல் கேளுங்கள். டியூப் ஊதா மூடி போட்ட பிளாஸ்டிக் டியூபா? கண்ணாடியில் இந்த ஹார்மோன் ஒட்டிக்கொள்ளும். டியூபை முன்கூட்டியே குளிர வைத்தார்களா? ரத்தம் எடுத்த கையோடு, ஐஸும் தண்ணீரும் கலந்த டப்பாவில் அது நிற்க வேண்டும். ஃப்ரீசரில் போட்டால் அதுவும் கெடுதல். சிவப்பணுக்கள் வெடித்து, அவற்றிலிருந்து கசியும் நொதிகள் ஹார்மோனைச் சிதைத்துவிடும். குளிரூட்டிய சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்த பிறகுதான் உறைய வைக்க வேண்டும். அந்த இயந்திரம் அங்கேயே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதல் பஸ் ஏறி, அது இருக்கிற இடத்துக்கே போய்க் கொடுங்கள். வேலூரில் கிடைக்கும். கூச்சப்பட வேண்டாம், நீங்கள் கேட்டால் எங்களுக்கும் கவனம் வரும்.

நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன், ரத்தம் எடுத்த நேரம் டியூபிலும் சீட்டிலும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நேரம் தெரியாமல் வரும் எண்ணை டாக்டரால் படிக்க முடியாது. காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடச் சொல்லியிருந்தால், அதையும் நாலு இட்லியையும் கையோடு கொண்டுவாருங்கள். வீடு திரும்பும்வரை தள்ளிப்போடாமல் இங்கேயே சாப்பிட்டு விழுங்குங்கள். தண்ணீர் என் மேசைமேல் இருக்கும்.