சென்ட் வாங்கும் முன்: மூக்கு ஏமாறும் இடங்கள்

சென்ட் கவுன்ட்டர் பக்கம் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் போதும், புதிதாக வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கல்லில் தடுக்கி விழுவதைப் பார்க்கலாம். பழைய ஆட்கள் எல்லாரும் ஒரு காலத்தில் விழுந்த கல்தான் அது. பாட்டில் அழகாக இருக்கிறதென்று வாங்குவது, விளம்பரத்தில் பிடித்த நடிகர் வருகிறார் என்று வாங்குவது, இதெல்லாம் தவறு என்று தெரிந்தேதான் செய்கிறோம், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். தெரியாமல் செய்கிறவைதான் பர்ஸைக் காலி செய்கின்றன.

முதல் பத்து நிமிடத்தை நம்பிக் காசைக் கொடுப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். அண்ணன் மகன் கல்யாண வரவேற்புக்கு சென்ட் எடுக்க என்னையும் கூட்டிப்போனான். நல்ல மே மாத வெயில், கடைக்குள்ளோ ஏசி சில்லென்று இருக்கிறது. ஒன்றை அடித்துப் பார்த்தான், திராட்சைப்பழப் புளிப்பு மாதிரி பளிச்சென்று ஒரு மணம். “சித்தப்பா, செமயா இருக்கு, எடுத்துரலாமா?” என்றான். “கையில அடிச்சுக்கிட்டு வாடா, வெளிய போய்ச் சாப்பிட்டுட்டு வந்து பார்ப்போம்” என்றேன். கவுன்ட்டரில் இருந்தவர் “ஆஃபர் இன்னிக்கு மட்டும்தான் சார்” என்றார். அவ்வளவுதான், 100 மில்லி பாட்டில், ஒன்பதாயிரத்துச் சொச்சம். வரவேற்பு அன்று மேடை விளக்குச் சூட்டில் அந்தப் புளிப்பெல்லாம் எப்போதோ பறந்துபோய், வெனிலாவும் கருகிய சர்க்கரையும் கலந்த ஒரு தித்திப்பு மட்டும் மிஞ்சியது. போட்டோவுக்குப் பக்கத்தில் வந்து நின்ற பெரியம்மா, “யாருப்பா பாயசத்தை அடிபிடிக்க விட்டது?” என்று கேட்டார். திறந்த பாட்டிலைக் கடையில் திருப்பி எடுப்பதில்லை. அது இன்னும் அவன் பீரோவில்தான் இருக்கிறது.

என்ன நடக்கிறது என்றால், பாட்டிலில் பெரும்பகுதி ஆல்கஹால். அடித்தவுடன் குப்பென்று ஏறும் நெடி அதனுடையது, ஒன்றிரண்டு நிமிடத்தில் போய்விடும். அதன் பின்னால் எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமோட் போன்ற லேசான மணங்கள் கிளம்பும், அவையும் கால் மணி, அரை மணி நேரத்தில் கரைந்துவிடும். பிறகு பூவும் மசாலாவும் சில மணி நேரம். கடைசியில் மூலக்கூறு கனமான சந்தனம், வெனிலா, பச்சோலி என்கிற மணமுள்ள இலை, மஸ்க் என்கிற கஸ்தூரி மணம் இவைதான் சட்டையில் ராத்திரி வரைக்கும் உட்கார்ந்திருக்கும். நீங்கள் நாள் முழுக்க வாழப்போவது இந்தக் கடைசிப் பகுதியோடு. கடையில் உங்களை மயக்குவது முதல் பகுதி. கவுன்ட்டரில் நிற்கிறவர் எவ்வளவு நேரம் நிற்பார் என்று தயாரிக்கிறவர்களுக்கும் நன்றாகவே தெரியும், அதனால்தான் பல புது சென்ட்டுகளில் தொடக்கம் மட்டும் அவ்வளவு ஜோராக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கெர்லான் நிறுவனத்தின் ஷாலிமார், 1925ல் வந்தது, பேர் நம் முகலாயத் தோட்டத்துப் பேர்தான். அதை அடித்த உடனே பெர்கமோட் மூக்கைத் துளைக்கும், கூடவே கொஞ்சம் புகை வாடை. இரண்டு மணி நேரம் கழித்து முகர்ந்தால் வேறொரு சென்ட், மெத்தென்ற வெனிலா. முதல் நிமிடத்தை வைத்து அதைப் பிடிக்கவில்லை என்று சொன்னவர்களும் உண்டு, பிடித்திருக்கிறது என்று வாங்கிப்போய் வெனிலாவைக் கண்டு ஓடியவர்களும் உண்டு.

ஆக, வேண்டாம் என்று தள்ளுவதிலும் அதே அவசரம்தான். மல்லிகை அதிகம் உள்ள சில சென்ட்டுகள் தொடக்கத்தில் அந்துருண்டை வாடை கலந்தது போல இருக்கும். காரணம் இண்டோல் என்கிற ரசாயனம், அது நிஜ மல்லிகையிலேயே இருக்கிறது. மதுரை மல்லியை ராத்திரி முழுக்கத் தலைமாட்டில் வைத்துவிட்டுக் காலையில் முகர்ந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கனத்த வாடை புதிதல்ல. கொஞ்சம் பொறுத்தால் பூ வெளியே வரும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கையில் ஒரு ஸ்பிரே, கடையை விட்டு வெளியேறுங்கள், வெயிலில் நடங்கள், பஸ்ஸில் வியர்த்து வழியுங்கள், சாப்பிடுங்கள், படுக்கும் முன் முகருங்கள். அப்புறம் இன்னொரு நாள் இதையே மறுபடி. ஏசியில் கம்பீரமாகத் தோன்றும் ஊத் என்கிற அகில் மணமும் வெனிலாவும் சென்னை வெயிலில் தலைவலியாக மாறுவதைக் கடைக்குள் நின்றபடி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆஃபர் போனால் போகட்டும், அடுத்த மாதம் வேறு பேரில் வரும்.

காகித ஸ்ட்ரிப்போடு நிறுத்திக்கொள்வது

கடையில் சென்ட்டை அடித்து முகரக் கொடுக்கிற காகிதத் துண்டுதான் ஸ்ட்ரிப், அது வேண்டாதவற்றைக் கழித்துக்கட்டுவதற்கு. அதில் நன்றாக இருப்பதைத்தான் தோலில் அடிக்க வேண்டும். காகிதத்துக்குச் சூடு இல்லை, எண்ணெய்ப் பசை இல்லை, வியர்வை இல்லை. வறண்ட தோலில் மணம் சீக்கிரம் போகும், எண்ணெய்ப் பசையுள்ள தோலில் கொஞ்சம் கூட நிற்கும், இதையெல்லாம் காகிதம் சொல்லாது. ஸ்ட்ரிப்பில் பேர் எழுதி வையுங்கள். பேர் எழுதாத ஐந்து ஸ்ட்ரிப்பைச் சட்டைப்பையில் ஒன்றாகப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, “இதுல எதுப்பா அது?” என்று வீட்டையே கேட்கிற ஆட்களை எனக்குத் தெரியும்.

ஒரே மூச்சில் பத்து சென்ட்

மூன்றுக்கு மேல் வேண்டாம். காபிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு சரியாகிவிடும் என்று ஒரு கிண்ணத்தை நீட்டுவார்கள். 2011ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், காபிக்கொட்டை வெறும் காற்றைவிட ஒன்றும் பெரிதாக உதவவில்லை என்றுதான் தெரிந்தது. உங்கள் சட்டைத் தோளையே முகருங்கள், அல்லது வெளியே போய் நில்லுங்கள்.

மணிக்கட்டைத் தேய்ப்பது

தேய்க்காதீர்கள். மூலக்கூறு உடைந்துவிடும் என்பதெல்லாம் கதை, சூட்டில் தொடக்க மணம் சீக்கிரம் பறக்கும், அவ்வளவுதான்.

மல்லிகைச் சரத்தோடும் டியோடரன்டோடும் போவது

எதைச் சோதிக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

“நிக்கவே இல்லை” என்று உடனே தீர்ப்புச் சொல்வது

ஒரு மணத்தோடேயே இருந்தால் மூளை அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். நமக்கு மணக்கவில்லை, அதனால் எல்லாம் போய்விட்டது என்று நினைத்து இன்னும் நாலு ஸ்பிரே அடித்துக்கொண்டு லிஃப்ட்டில் ஏறுகிறோம், பாவம் மற்றவர்கள். இதைத் தவிர, சில மஸ்க் வகைகள் சிலருடைய மூக்குக்குப் பிறவியிலேயே எட்டாது. எசென்ட்ரிக் மாலிக்யூல்ஸ் என்ற நிறுவனம் 2006ல் கொண்டுவந்த மாலிக்யூல் 01 என்ற சென்ட்டில் மணப்பொருளாக ஐசோ இ சூப்பர் என்ற ஒரே ஒரு ரசாயனம்தான். அடித்துக்கொண்ட பலருக்கு ஒன்றுமே தெரியாது, அரை மணி கழித்து எங்கிருந்தோ ஒரு நொடி மரவாசனை வந்து போகும், பக்கத்தில் இருப்பவருக்கோ நன்றாக மணக்கும். எனவே நிற்கிறதா இல்லையா என்று வீட்டில் இருக்கிற இன்னொரு மூக்கைக் கேளுங்கள், அதுவும் வெளியிலிருந்து அப்போதுதான் உள்ளே வந்த மூக்காக இருந்தால் நல்லது.

இடிடியை முகர்ந்துவிட்டு இடிபி வாங்குவது

இடிடி (ஓ டி டாய்லெட்) என்பது செறிவு குறைந்த வகை, இடிபி (ஓ டி பார்ஃபம்) செறிவு கூடிய வகை. இடிபி என்றால் அதே மணம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்று நினைப்பு. பல சமயம் கலவையே வேறு. டியோர் நிறுவனத்தின் சாவாஜ் சென்ட்டில் இடிடி 2015ல் வந்தது, இடிபி 2018, இன்னும் செறிவான பார்ஃபம் 2019, மூன்றும் ஒரே பேர், மூன்றும் ஒரே மணம் இல்லை. வாங்கப்போவது எதுவோ அதையே சோதியுங்கள்.

அத்தரையும் ஸ்பிரே மாதிரி நினைப்பது

திருவல்லிக்கேணி அத்தர் கடைகளில் கண்ணாடிக் குச்சியால் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள், அது போதும். குப்பி வாயில் மூக்கை வைத்தால் ஒன்றும் புரியாது, வெறும் கனம்தான் தெரியும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் வடிக்கிற பழைய பாணி அத்தரில் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள், ஆல்கஹால் கிடையாது, அதனால் மூக்கில் அடிக்கிற தொடக்கமும் கிடையாது. மெதுவாகத்தான் விரியும், தோலோடு ஒட்டித்தான் இருக்கும். இதற்கும் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டும். வெள்ளைச் சட்டையில் தடவிச் சோதிக்காதீர்கள், கறை போகாது.

யூடியூபில் பார்த்து நேரே 100 மில்லி

வேண்டாம். பெரிய பாட்டிலிலிருந்து சின்னக் குப்பியில் ஊற்றித் தருகிற 5 மில்லி டீகேன்ட் விற்கிறார்கள், நம்பிக்கையான ஆளிடம் வாங்குங்கள். ஏறக்குறைய ஐம்பது ஸ்பிரே வரும். ஆபீசுக்கு, கல்யாணத்துக்கு, மழை நாளில், வேகாத வெயிலில் என்று எல்லாவற்றுக்கும் ஒருமுறையாவது அடித்துப் பார்க்க அது தாராளம். பாதியிலேயே அலுத்துப்போனால் சில நூறு ரூபாயோடு போயிற்று.