கையெழுத்துக்குப் பதில் பின் நம்பர்: எதற்குப் பயப்பட வேண்டும், என்ன செய்ய வேண்டும்

கடையில் பில் போடும் இடத்தில் இருந்தவர் கார்டு மெஷினைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு "பின் சொல்லுங்க சார்" என்றார். என் அப்பா நாலு எண்ணையும் கணீரென்று சொல்லிவிட்டார், பின்னால் வரிசையில் அஞ்சாறு பேர் நிற்கிறார்கள். இத்தனைக்கும் அவர் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்தவர். வெளியே வந்ததும் அதையேதான் அவரிடம் சொன்னேன்: அப்பா, நீங்கள் இப்போது சத்தமாகச் சொன்ன நாலு எண்தான் உங்கள் கையெழுத்து, தொகை எழுதாத தாளில் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். அன்றைக்கே பின்னை மாற்றினோம்.

பின் நம்பரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பலர் "திருடன் கண்டுபிடித்துவிடுவானோ" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. முன்பெல்லாம் கார்டில் பணம் கட்டினால் சீட்டில் கையெழுத்துப் போடுவோம். அந்தக் கையெழுத்தை இன்னொருவர் போட்டால் சுழிப்பிலோ அழுத்தத்திலோ ஏதாவது வித்தியாசம் தெரியும், சீட்டை எடுத்து வைத்து இது என் கையெழுத்தே இல்லை என்று சண்டை போடலாம். நாலு எண்ணை நீங்கள் அழுத்தினாலும் திருடன் அழுத்தினாலும் வங்கியின் பதிவில் ஒரே மாதிரிதான் விழும். "சரியான பின் போடப்பட்டிருக்கிறது, அப்படியென்றால் நீங்கள் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும்" என்று வங்கி சொன்னால் இல்லை என்று காட்டும் வேலை நம் தலையில் வந்து விழுகிறது.

அந்தப் பதிவு எப்போதும் உண்மையா என்றால், இல்லை. 2010-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள்: திருடிய கார்டுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு சின்னக் கருவியை வைத்தால், மெஷினிடம் "பின் சரி" என்று அது சொல்லிவிடும், கார்டோ கையெழுத்து வாங்கிக்கொண்டதாக நினைத்துக்கொள்ளும். எந்த நாலு எண்ணைப் போட்டாலும் பணம் போனது. பிறகு பிரான்சைச் சேர்ந்த ஒரு கும்பல் இதையே, கார்டில் ஏற்கெனவே இருக்கும் சிப் என்ற சின்னச் சில்லின் மேல் இரண்டாவது சிப்பாக ஒட்டவைத்து உண்மையாகவே திருடியது, பிறகு பிடிபட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்க வழிகள் வந்துவிட்டன, ஆனாலும் "பின் போடப்பட்டது" என்ற ஒரு வரியைப் பார்த்து மலைத்துப்போய்ப் புகாரை விட்டுவிடாதீர்கள்.

இதற்காகக் கையெழுத்தே மேல் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்தை யார் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? மாதிரிக் கையெழுத்து கார்டின் பின்பக்கத்திலேயே இருக்கிறது, திருடியவன் பார்த்து எழுதிப் பழகலாம். 2018 ஏப்ரலில் விசா, மாஸ்டர்கார்டு போன்ற பெரிய நிறுவனங்களே வட அமெரிக்காவில் கையெழுத்து கட்டாயம் என்பதை எடுத்துவிட்டன. தெருவில் தொலைந்த கார்டைப் பொறுத்தவரை பின் நல்ல பூட்டு. சாவியை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் இனி விஷயம்.

முதலில் எண். நாலு இலக்கத்தில் 10,000 எண்கள் உண்டு, பொதுவாக மூன்று முறை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். கேட்கப் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் மனிதர்கள் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் விதம் அப்படி. கசிந்த கடவுச்சொற்களிலிருந்து நாலு இலக்க எண்களை மட்டும் எடுத்து 2012-இல் எண்ணிப் பார்த்தபோது 1234 மட்டுமே பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வின் கணக்கு, பர்ஸில் இருக்கும் அடையாள அட்டையின் பிறந்த தேதியை வைத்தே முயன்றால் திருடிய 11 முதல் 18 பர்ஸுக்கு ஒன்று திறந்துவிடும் என்றது. பிறந்த தேதி, கல்யாண நாள், வண்டி நம்பர், போனின் கடைசி நாலு எண், இதெல்லாம் வேண்டாம். வங்கி தானாக அனுப்பும் எண்ணை மாற்றாமல் மனப்பாடம் செய்துவிடுவதுதான் இருப்பதில் நல்லது, ஏனென்றால் அதில் உங்கள் வாழ்க்கை எதுவும் இல்லை.

மனதில் நிற்கவில்லையா, சரி, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு வாக்கியத்தை எடுங்கள். முதல் நாலு சொற்களில் எத்தனை எழுத்து என்று எண்ணுங்கள், புள்ளி வைத்த எழுத்தையும் சேர்த்து. "பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் ஓடினோம்" என்றால் முதல் சொல்லில் ஒன்பது, மணிக்கு இரண்டு, அடித்ததும் ஆறு, ஓடினோம் நாலு, ஆக 9264. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கடைசி இலக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். இங்கே எழுதிவிட்டதால் இந்த எண்ணை நீங்கள் வைக்காதீர்கள். எண் மறந்தாலும் வாக்கியம் மறக்காது, விரல் விட்டு எண்ணினால் வந்துவிடும். போன் பூட்டுக்கு வைத்த அதே எண்ணைக் கார்டுக்கும் வைக்காதீர்கள், போனைத் திறப்பதை ஒரு நாளைக்கு எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் போடும் விதம். மெஷினை உங்கள் கையில் வாங்குங்கள். கொடுக்க முடியாது, ஒயர் நீளாது என்றால் நீங்கள் பக்கத்தில் போங்கள். திரையில் தொகையைப் படித்த பிறகுதான் முதல் எண்ணை அழுத்த வேண்டும், தொகை வராத திரையில் பின் போடாதீர்கள். ஒரு கையால் மறைத்து இன்னொரு கையால் போடுங்கள், பக்கத்தில் நிற்பவர் நல்லவராகவே இருந்தாலும் மேலே கேமரா இருக்கலாம். கார்டு உங்கள் கண்ணை விட்டு உள் அறைக்குப் போகக் கூடாது. கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் காந்தப் பட்டையை நகலெடுக்கச் சில நொடிகள் போதும், அதோடு பின் நம்பரும் கிடைத்துவிட்டால் சிப்பைப் பார்க்காமல் பட்டையை மட்டும் படிக்கும் இடமாகத் தேடிப்போய்ப் பணத்தை எடுப்பார்கள். அதனால் சிப் உள்ள கார்டைத் தேய்க்கக் கேட்டால் சொருகச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பட்டன்களில் விரல் சூடு கொஞ்ச நேரம் தங்கும், வெப்பக் கேமராவால் அதைப் படிக்க முடியும் என்று 2011-இல் கலிஃபோர்னியாவில் சோதித்துக் காட்டினார்கள், உலோகப் பட்டன்களில் அது எடுபடவில்லை. போட்டு முடித்ததும் மற்ற பட்டன்கள் மேலும் விரலை ஒரு நொடி வைத்து எடுத்தால் தீர்ந்தது.

"போகலை, இன்னொரு தடவை போடுங்க" என்றால் உடனே போடாதீர்கள். போனில் குறுஞ்செய்தி வந்திருக்கிறதா பாருங்கள், தோல்வி என்று அச்சான சீட்டைக் கேளுங்கள், இரண்டு தடவை பணம் போவது இப்படித்தான்.

கை நடுங்குகிறவர்கள், கண் சரியாகத் தெரியாதவர்கள் பாடு உண்மையிலேயே கஷ்டம், இதைப் பற்றிப் பேசுகிறவர்களே குறைவு. எண் பட்டன்களில் 5-இன் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும், அதை விரலால் தடவிப் பிடித்தால் மற்ற எண்கள் எங்கே என்று தெரிந்துவிடும். முழுக்கத் தொடுதிரையாக இருக்கும் மெஷினில் இதுவும் கிடையாது. சில வங்கிகள் பின்னுக்குப் பதில் கையெழுத்தையே ஏற்கும் கார்டு தருகின்றன, கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள். இல்லையென்றால் செலவுக்கு மட்டும் கொஞ்சப் பணம் வைத்த தனிக் கணக்கு, அதற்கு ஒரு கார்டு. மகனிடமோ மருமகளிடமோ பின்னைச் சொல்லி வைப்பது அன்பினால்தான், ஆனால் வங்கி விதி பொதுவாகக் குடும்பத்தாரையும் சேர்த்தே "யாரிடமும் சொல்லாதே" என்கிறது, நாளைக்கு வேறு யாரோ பணத்தை எடுத்தாலும் அந்த ஒன்றைக் காட்டியே கையை விரித்துவிட முடியும்.

பின்னைத் தலைகீழாகப் போட்டால் போலீஸ் வரும் என்று வரும் செய்தி பொய், நம்பாதீர்கள். யாராவது மிரட்டினால் எண்ணைக் கொடுத்துவிட்டு உயிரோடு வாருங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

நீங்கள் செய்யாத செலவு கணக்கில் தெரிந்தால் முதல் வேலை கார்டை பிளாக் செய்வது, புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வைப்பது. போனில் சொன்னது போதாது, அன்றைக்கே எழுத்திலும் அனுப்புங்கள், தாமதமான நாள்களை வைத்துப் பொறுப்பை நம் மேல் தள்ளும் விதிகள் உண்டு. எழுதும்போது தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், "ஒருவேளை யாராவது பார்த்திருக்கலாம்" என்று நீங்களாக ஊகித்து எழுதிக் கொடுக்காதீர்கள். இதையும் கேளுங்கள்: சிப் படிக்கப்பட்டதா, காந்தப் பட்டையா? பின்னைச் சரிபார்த்தது கார்டா, வங்கியின் கணினியா? எந்த மெஷின், எத்தனை மணிக்கு? இதற்கான பதிவு அவர்களிடம் இருக்கும். அந்த இடத்தின் கேமரா பதிவு சில நாளிலோ சில வாரத்திலோ அழிந்துவிடும், அதனால் அதை எடுத்து வைக்கச் சொல்லி முதல் கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

கார்டை பிளாக் செய்யக் கூப்பிட வேண்டிய நம்பரை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கிறது என்று விட்டுவிடுவோம், கார்டு போகும்போது அதுவும் கூடவே போய்விடும்.