இதெக்கேலை அட்லஸில் தேடிப் பிடிப்பது எப்படி?

ஞாயிறு பள்ளியில் பைபிளின் ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம் நடத்தினால், ஏதேனின் நான்கு ஆறுகளில் ஒன்றான இதெக்கேல் வரும் பதினான்காம் வசனத்தில் எந்தப் பிள்ளையாவது கையைத் தூக்கிவிடும்: "டீச்சர், இதெக்கேல் அட்லஸில் இல்லையே!" முதல் தடவை நானும் 'இ' வரிசை முழுக்கத் துழாவிவிட்டு அசடு வழிந்தேன். இப்போது வேறு வழி வைத்திருக்கிறேன்.

பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். முன்னால் நிற்கும் 'இ'யைக் கழற்றினால் தெக்கேல். அரமேயத்தில் அது திக்லத். அரபியில் இன்றைக்கும் திஜ்லா. பழைய பாரசீகத்தில் 'ல' போய் 'ர' வந்து திக்ரா ஆனது. அதிலிருந்து கிரேக்கர்களுக்குத் திக்ரிஸ். எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்களும் இந்த வசனத்தில் அதையே எழுதினார்கள். ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தபோது டைகிரிஸ். ஆகவே 'ட' வரிசையைப் பாருங்கள்.

அடுத்து, வரைபடத்தில் பாக்தாத் மேல் விரலை வையுங்கள். ஊருக்கு நடுவே ஓடுவது அதுதான். வடக்கே ஏறினால் சமாரா, திக்ரித், மோசூல். எல்லை தாண்டித் துருக்கியில் தியார்பகிர். பிறப்பிடம் டாரஸ் மலை. தெற்கே இறங்கினால் அல்குர்னாவில் யூப்ரடீஸுடன் கலந்து, ஷத் அல்அரப் என்ற பெயரில் சுமார் 200 கிலோமீட்டர் ஓடிப் பாரசீக வளைகுடாவில் விழுகிறது.

கெட்டிக்காரப் பிள்ளைகள் இங்கேதான் மடக்குவார்கள். "அசீரியாவுக்குக் கிழக்கே ஓடும்" என்கிறது வசனம். ஆனால் அசீரியத் தலைநகர் நினிவே, மோசூலுக்கு எதிரே, ஆற்றின் கிழக்குக் கரையில் அல்லவா இருக்கிறது? அப்படியானால் ஆறு நினிவேக்கு மேற்கே! பதறாமல் விரலை மோசூலிலிருந்து தெற்கே நகர்த்தி ஷெர்காத்தில் நிறுத்துங்கள். அசீரியாவுக்குப் பெயர் தந்த பழைய நகரமான அசூர் அங்கே மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் ஆறு கிழக்கேதான். எபிரெயத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல்லும் அசூர்தான். கிரேக்கமோ திசையே சொல்லாமல் "அசீரியருக்கு எதிரே" என்று நழுவிவிடுகிறது.

தானியேல் 10:4-இல் வரும் "பெரிய ஆறு" இதெக்கேல். ஆதியாகமம் 15:18-இல் வரும் "பெரிய நதி" அந்த நான்கில் இன்னொன்றான ஐபிராத்து. எனவே 'பெரிய' என்ற சொல்லை நம்பி ஆற்றை முடிவுசெய்யாதீர்கள்.

ஐபிராத்துக்கும் இதே வித்தைதான்: 'ஐ'யைக் கழற்றினால் பிராத்து, அரபியில் ஃபுராத், அட்லஸில் யூப்ரடீஸ். மீதி இரண்டு ஆறுகளான பைசோனையும் கீகோனையும் மட்டும் தேட வைக்காதீர்கள். கிரேக்க எரேமியா 2:18 நைலையே கீகோன் என்கிறது. நைல் எங்கே, டைகிரிஸ் எங்கே! அந்த இரண்டையும் இன்றுவரை யாரும் உறுதியாகக் காட்டவில்லை என்று பிள்ளைகளிடம் நான் நேராகவே சொல்லிவிடுகிறேன்.