மினி டிராக்டரில் கிளட்ச் பிளேட் மாற்றுவது: முதல் முறை செய்பவருக்கு

தென்னந்தோப்பில் ஊடுழவுக்கு மினி டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு நாள் வரத்தான் செய்யும். ரோட்டவேட்டர் மண்ணில் இறங்கியதும் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி முன்னால் போகாது. கொஞ்ச நேரத்தில் கருகிய நாற்றம் அடிக்கும். இன்ஜின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் வழுக்குகிறது.

எங்கள் வண்டியில் முதல் தடவை இப்படி ஆனபோது பிளேட்டை மட்டும் மாற்றினோம். மூன்றே மாதத்தில் மறுபடி வழுக்கியது. பிரித்துப் பார்த்தால் புதுப் பிளேட் முழுக்க ஆயில். இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) கசிந்துகொண்டிருந்ததை முதல் தடவை நாங்கள் கவனிக்கவே இல்லை. இரண்டாவது பிளேட்டுக்கும் காசு போனது, உழவு நாளும் போனது. பிளேட்டை மாற்றுவது ஒரு நாள் வேலை. அது ஏன் தேய்ந்தது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான ரிப்பேர். அதனால் இங்கே பார்க்கும் இடங்களைப் பற்றி நிறையவும், போல்ட் கழற்றுவதைப் பற்றிக் குறைவாகவும் சொல்கிறேன்.

இது ஏறத்தாழ 18 முதல் 27 எச்.பி. வரையுள்ள, ஒற்றை உலர் பிளேட் (எண்ணெயில் மூழ்காமல் ஓடும் ஒரே பிளேட்) கிளட்ச் கொண்ட வண்டிகளுக்கு. பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டான பி.டி.ஓ.வுக்கும் சக்கரத்துக்கும் தனித்தனி பிளேட் உள்ள இரட்டை கிளட்ச் என்றால் அதன் அமைப்பும் அட்ஜஸ்ட்மென்ட்டும் வேறு. அதை முதல் முயற்சியாக எடுக்காதீர்கள்.

பிரிக்கும் முன் பெடலைப் பாருங்கள்

கிளட்ச் பெடலைக் கையால் மெல்ல அழுத்துங்கள். முதலில் லேசாகப் போகும், பிறகு ஓர் இடத்தில் கனம் தட்டும். அந்த லேசான தூரம்தான் ஃப்ரீ பிளே. பெரும்பாலான மினி டிராக்டர்களில் இது 20 முதல் 30 மி.மீ. இருக்க வேண்டும். உங்கள் வண்டிக் கையேட்டில் சரியான அளவு இருக்கும்.

பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். அது பூஜ்ஜியமாகிவிட்டால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை (நெம்புகோல்களை) எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். நீங்கள் பெடலில் கால் வைக்காவிட்டாலும் பாதி கிளட்ச் மிதித்த நிலைதான். அப்புறம் வழுக்காமல் என்ன செய்யும்? பெடலுக்கும், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்குக்கும் இடையிலுள்ள ராடில் லாக் நட்டைத் தளர்த்தி, ராடைத் திருகி, அளவைச் சரிசெய்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அதிலேயே சரியாகிவிட்டால் டிராக்டரைப் பிரிக்க வேண்டியதில்லை.

ஃப்ரீ பிளேயைச் சரிசெய்த பிறகும் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. முன்னால் ஆள் இல்லாத வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். இருக்கையில் உட்கார்ந்து, பிரேக்கையும் நன்றாக மிதித்தபடி, இருப்பதிலேயே வேகமான கியரைப் போட்டு, இன்ஜினை நடுத்தர வேகத்தில் வைத்து, கிளட்சை மெல்ல விடுங்கள். கிளட்ச் நன்றாக இருந்தால் இன்ஜின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. சில விநாடிக்கு மேல் இதைச் செய்ய வேண்டாம், இருக்கிற பிளேட்டும் எரிந்துவிடும்.

இன்னொன்று: கிளட்ச் அறையின் அடியில் ஒரு சிறு ஓட்டை இருக்கும், பல வண்டிகளில் அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். அங்கே ஆயில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால், உள்ளே சீல் போயிருக்கிறது என்று பிரிக்கும் முன்பே தெரிந்துவிடும்.

டிராக்டரைப் பிரிப்பது

கிளட்ச், இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிறது. அதை எடுக்க வண்டியையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். சமமான சிமென்ட் தரை வேண்டும். மண் தரையில் ஜாக்கி புதையும். தனியாகச் செய்யாதீர்கள், இன்னொருவர் கட்டாயம் வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே ஒரு பின்னில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது. வண்டி முழுசாக இருக்கும்போது பின்பாதிதான் இன்ஜின் பாதியை நிமிர்த்திப் பிடிக்கிறது. பிரித்ததும் இன்ஜின் பாதி பக்கவாட்டில் சாய்ந்து ஆள்மேல் விழக்கூடும். அதனால் முன் அச்சுக்கும் அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் இடையில், இரண்டு பக்கமும், கெட்டியான மர ஆப்புகளை இறுக அடித்து, அச்சு ஆடாமல் செய்த பிறகே மற்ற வேலை.

அடுத்து பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பின்னால் ரோட்டவேட்டரோ கலப்பையோ இருந்தால் இறக்கிவிடுங்கள். பானெட், வயரிங் கனெக்டர்கள், டீசல் குழாய், ஹைட்ராலிக் குழாய், ஆக்ஸிலரேட்டர் ராட், ஸ்டீயரிங் இணைப்பு, நாலு சக்கர டிரைவ் என்றால் முன்பக்க டிரைவ் ஷாஃப்ட் என ஒவ்வொன்றாக வரும். கழற்றும் முன் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள், திறந்த குழாய் வாய்களைத் துணியால் அடையுங்கள். போல்ட்டுகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். ஓர் அட்டையில் கிளட்ச் அறையின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்திலேயே குத்தி வைத்தால் குழப்பமே வராது.

பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியர் பாக்ஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்ப வேண்டாம். இன்ஜினுக்கு அடியில் டிராலி ஜாக்கி, இடையில் ஒரு பலகை. தகடாலான ஆயில் சம்ப் மீது பாரம் விழாமல் பாருங்கள். சுற்றிலும் போல்ட்டுகளைக் கழற்றியதும், ஆப்பு அடித்த முன்பாதியை நேராக, மெல்ல முன்னால் தள்ளுங்கள். இரண்டடி இடைவெளி கிடைத்தால் போதும்.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. மாஸ்க் போட்டு, ஈரத் துணியால் துடையுங்கள்.

பிளேட்டை எடுப்பது

பிரஷர் பிளேட்டிலும், அது பூட்டியிருக்கும் இன்ஜினின் கனமான சக்கரமான ஃப்ளைவீலிலும் ஒரே நேர்க்கோட்டில் பஞ்ச் அடையாளம் வையுங்கள். பிளேட்டின் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்த்து இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் அரைச்சுற்று அரைச்சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரே பக்கமாகக் கழற்றினால் கவர் கோணிக்கொள்ளும். கடைசிப் போல்ட் வரும்போது பிளேட் கீழே விழாமல் கையால் பிடியுங்கள்.

ஏன் தேய்ந்தது?

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிளேட்டின் மேற்பரப்பிலிருந்து ரிவிட் தலை எவ்வளவு பள்ளத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். 0.3 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அந்தப் பிளேட்டுக்கு ஆயுள் முடிந்தது. விட்டுவைத்தால் ரிவிட் ஃப்ளைவீலையே கீற ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் சீராகத் தேய்ந்திருந்தால் அது வயதுத் தேய்மானம். மேற்பரப்பு கண்ணாடிபோலப் பளபளத்து, ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள் இருந்தால் சூட்டில் கருகியிருக்கிறது: ஃப்ரீ பிளே இல்லாமல் ஓடியிருக்கும், அல்லது ஓட்டுபவர் பெடல் மேலேயே காலை வைத்திருப்பார். துரு பிடித்திருந்தால் சேற்றுழவில் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

பிளேட்டில் ஈரப்பிசுக்கு இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள். கறுத்த, மெல்லிய ஆயில், ஃப்ளைவீலுக்குப் பின்னாலிருந்து வழிந்திருந்தால் கிராங்க் ஷாஃப்ட் சீல். கெட்டியான, கியர் ஆயில் வாசனையுள்ள பிசுக்கு, பிளேட் கோர்க்கும் ஷாஃப்ட் பக்கம் இருந்தால் கியர் பாக்ஸ் சீல். என் யோசனை, கசிந்தாலும் கசியாவிட்டாலும் இரண்டையும் மாற்றிவிடுங்கள். சீலின் விலை சொற்பம், வண்டியை மறுபடி பிரிக்கும் கூலியும் நாளும் சொற்பமல்ல.

ஃப்ளைவீலில் விரல் நகம் சிக்கும் அளவுக்குக் கோடு இருந்தாலோ, மயிரிழை விரிசல் தெரிந்தாலோ லேத்துக்குக் கொண்டுபோங்கள். விரிசல் ஆழமாக இருந்தால் இழைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பிளேட் உட்காரும் முகமும் பிரஷர் பிளேட் போல்ட் ஆகும் முகமும் வெவ்வேறு உயரத்தில் இருந்தால், இரண்டையும் சம அளவு இழைக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் இழைத்தால் புதுப் பிளேட்டுக்கு அழுத்தம் மாறிப்போகும்.

பிரஷர் பிளேட்டின் முகத்தில் நேரான ஸ்கேலை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 0.2 மி.மீ. தகடு நுழைந்தால் முகம் குழிந்துவிட்டது. விரல் நுனிகளில் பள்ளம் விழுந்திருந்தாலும், ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்து இருந்தாலும் மாற்றுங்கள். ரிலீஸ் பேரிங்கைக் கையில் பிடித்துச் சுற்றினால் மணல் அரைப்பதுபோல் சத்தம் வரக் கூடாது. அதை டீசலில் ஊறவைத்துக் கழுவ வேண்டாம். உள்ளே அடைத்து வைத்த கிரீஸ் போய்விடும்.

ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும், ஃப்ளைவீல் நடுவிலுள்ள பைலட் பேரிங்கைப் பலர் மறந்துவிடுவார்கள். அதையும் மாற்றுங்கள். பின்னால் குழி இருந்தால் அதில் கிரீஸை நன்றாக அடைத்து, பேரிங் ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். கிரீஸின் அழுத்தமே பேரிங்கை வெளியே தள்ளும். பிறகு அந்தக் கிரீஸைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

மறுபடி பூட்டுவது

ஃப்ளைவீல், பிரஷர் பிளேட் முகங்களை பிரேக் கிளீனரால் துடையுங்கள். அதன் பிறகு எண்ணெய்க் கையோடு தொடக் கூடாது. கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் ஸ்பிளைனில் (நீளவாட்டுப் பற்களில்) மிக மெல்லிய கிரீஸ் பூசி, புதுப் பிளேட்டை அதில் கோர்த்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். வழுவழுவென்று நகர வேண்டும். மிஞ்சிய கிரீஸைத் துடைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அது சுழற்சியில் தெறித்துப் பிளேட்டுக்குத்தான் போகும்.

டம்மி ஷாஃப்ட்டை (அசல் ஷாஃப்ட் அளவிலுள்ள தற்காலிகத் தண்டை) வைத்துப் பிளேட்டை நடுவில் நிறுத்தி, பஞ்ச் அடையாளம் பார்த்து பிரஷர் பிளேட்டைப் பொருத்துங்கள். புதுசென்றால் பழைய அடையாளம் பொருந்தாது, கவலை வேண்டாம். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டு பாதியையும் சேர்க்கும்போது பொறுமை வேண்டும். உயரமும் நேரும் சரியாக இருந்தால் கையால் தள்ளினாலே சேர்ந்துவிடும். கடைசி ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் நின்றுவிட்டால் ஸ்பிளைன் பல்லோடு பல் முட்டிக்கொண்டிருக்கிறது. உதவியாளரை ஃப்ளைவீலைக் கையால் மெல்லத் திருப்பச் சொல்லி மறுபடி தள்ளுங்கள். போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுக்கவே கூடாது. பிளேட்டின் நடு ஹப் உடைவதும் கிளட்ச் அறை விரிசல் விடுவதும் அப்படித்தான்.

எல்லா இணைப்புகளையும் மாட்டி, ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் இரண்டு தடவை பார்த்த பிறகு மர ஆப்புகளை எடுங்கள். ஃப்ரீ பிளேயைப் புதிதாக வையுங்கள். தேய்ந்த பிளேட்டுக்கு வைத்த பழைய அட்ஜஸ்ட்மென்ட் இப்போது செல்லாது. சேற்றுழவுக்குப் போவதாக இருந்தால் அடி ஓட்டைக்கு மூடி போடுங்கள், வேலை முடிந்ததும் அதைக் கழற்றி உள்ளே தேங்கியதை வடியவிடுங்கள்.

முதல் சில மணி நேரம் காலி டிரெய்லர், லேசான உழவு என்று ஓட்டுங்கள். புதுப் பிளேட் படிந்து உட்கார்ந்ததும் பெடல் அளவு மாறும். 10 மணி நேரம் ஓடியதும் ஒருமுறை, அப்புறம் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஸ்கேலை வைத்து ஃப்ரீ பிளேயை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். நாங்கள் பானெட்டின் உள்பக்கமே சாக்பீஸால் எழுதுகிறோம், வண்டியை யார் எடுத்தாலும் கண்ணில் படும்.